இரண்டு மூடி

என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் மூன்று முறை சொன்னாள். நடுவிலிருந்து கேட்டேன், அதையும் சொன்னாள். மறுநாள் காலை பால் குடித்துக்கொண்டிருந்தவளிடம் ஏழு மூன்று எவ்வளவு என்று கேட்டேன். டம்ளரை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். விடை தெரியாத பிள்ளைகள் விழிப்பதுபோல் விழிக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அப்படி ஒரு பேச்சு இந்த வீட்டில் நடந்ததே இல்லை என்பதுபோல் பார்த்தாள்.

"எந்த ஏழு, அத்தை?" என்றாள்.

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். பசுமலைப் பக்கம் ஒரு சின்ன ஆய்வகம். ஆலைகளிலிருந்து பிரஷர் கேஜ் வரும், நகைக்கடைகளிலிருந்து தராசு வரும். ஒரே எடையைப் பத்து முறை வைத்தால் பத்து முறையும் ஒரே எண் வர வேண்டும். எண் தப்பாக இருந்தாலும் பெரிய கவலை இல்லை, எப்போதும் அதே தப்பு என்றால் திருத்திவிடலாம். ஒரு முறை சரியாகக் காட்டிவிட்டு மறுமுறை ஒன்றுமே வைக்காததுபோல் காட்டும் தராசைத்தான் எங்களால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். அப்போது எழுதியவற்றில் சில:

செவ்வாய். உப்பு வாங்க அனுப்பியது. கொண்டுவந்தது ஒரு பழைய பூட்டு, சாவி இல்லை. யார் வீட்டுப் பூட்டு என்று தெரியவில்லை.

புதன். தலை வாரிக்கொள், பையை எடு, செருப்பைப் போடு என்று மூன்று வேலை சொன்னோம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இருபது நிமிடம் நின்றாள். கேட்டதற்கு, "நிக்கச் சொன்னீங்கள்ல" என்றாள்.

வியாழன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அழிரப்பர் இவள் பையில். "அவதான் கொடுத்தா. இன்னைக்கு ரெண்டு சடை போட்டிருந்தா." அந்தப் பிள்ளை காய்ச்சலில் இரண்டு நாளாகப் பள்ளிக்கே போகவில்லை.

பொய் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். பொய் சொல்பவர் கேட்பவரின் முகத்தை ஒரு நொடியாவது கவனிப்பார். இவள் கவனிக்கவில்லை. பார்த்ததைச் சொல்பவளாகவே சொன்னாள்.

திருநகரில் எங்களுடையது மாடிப்படி தனியாக உள்ள வாடகை வீடு. அண்ணன் சரக்கு வண்டி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மற்ற நாட்களில் மதினி, குழந்தை, நான். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. மதினிக்கும் எனக்கும் மூன்றே வயதுதான் வித்தியாசம். கல்யாணமாகி வந்தபோது அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினாறு. இன்னும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. குழந்தை வகுப்பில் இல்லை. மதினியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். ஒன்றரை மணிக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் கண்டுபிடித்தோம். முன்பின் தெரியாத வீடு. சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு நீங்க?" என்றார்.

"இவளோட அம்மா," என்றார் மதினி.

அந்தப் பெண் வாயில் கை வைத்தார். "யாத்தே! உசுரோட நிக்கிறியே தாயி! ஒனக்குக் கருமாதியே முடிச்சுட்டா இவ. எப்படிச் செத்த, எங்க வச்சு எரிச்சாங்க, யாரு கொள்ளி வச்சதுன்னு அம்புட்டும் சொல்லிட்டா. நானும் பச்சப்புள்ள சொல்லுதேன்னு ஒரு பாடு அழுது முடிச்சுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். மதினி சிரிக்கவில்லை. குழந்தை தலையை நிமிர்த்தி, "அம்மா, வா, ரசம் நல்லா இருக்கு," என்றாள். செத்துப்போன அம்மாவும் வாசலில் நிற்கும் அம்மாவும் அவளுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

மறுநாள் தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார். பொய், திருட்டு, இப்போது ஓட்டமும். டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் வருடக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். நிதானமான பெண்மணி. குழந்தையோடு ஒரு மணி நேரம் கட்டை அடுக்கினார், படம் காட்டினார், கதை கேட்டார். பிறகு எங்களிடம் படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். எத்தனையாவது மாதம் பிறந்தாள், எடை எவ்வளவு, எப்போது நடந்தாள். அதே குரலில், "மாசமா இருந்தப்ப குடி, புகையிலை மாதிரி ஏதாவது பழக்கம்?" என்றார்.

மதினி வெட்கப்பட்டுச் சிரித்தார். "அய்ய, என்ன டாக்டரம்மா! எங்கள்ல பொம்பளைக அதெல்லாம் தொடவே மாட்டோம்."

டாக்டர் 'இல்லை' என்று குறித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது சரியாகவே பட்டது.

கவனக்குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார், மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. குழந்தை வகுப்பில் உட்கார்ந்தாள், ஓடவில்லை, பென்சிலைக் கடிக்கவில்லை. ஆனால் மறதி அப்படியே இருந்தது. முன்பு மறந்ததை ஓட்டமும் சத்தமும் மூடி வைத்திருந்தன, இப்போது அசையாமல் உட்கார்ந்துகொண்டு மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை கற்றது திங்கட்கிழமை இருக்காது. சில சமயம் புதன்கிழமை தானாகத் திரும்பி வரும். எங்கே போய் வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

அந்த நாட்களில்தான் பச்சைச் சேலை அக்கா வந்தாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள் என்றாள் குழந்தை. பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகை. பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். எங்களுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை.

"அந்த அக்கா நடந்து வருமா?" என்று கேட்டார் மதினி. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றார்.

"நடக்காது. அதுக்குக் கால் இல்ல. இந்தா, இதுவரைக்கும்தான் இருக்கும்." குழந்தை தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "அது கை எப்பவும் ஈரமா இருக்கும்."

அன்றிலிருந்து மதினி மாடிக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டார். துணி காயப்போட நானும் கூடப் போக வேண்டும். பட்டப்பகலில், சுற்றிலும் வீடுகள் இருக்க, தொட்டியின் அந்தப் பக்கம் பார்க்காமல் இருவரும் துணியை உதறுவோம்.

மதினியின் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரில் இருக்கிறார், சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்துப் பருத்தி போடுகிறார். தங்கை மகள் மேல் உயிர். மறுவாரமே வந்து நின்றார்.

"மாத்திரை சாப்பிட்டும் சரியாகலைன்னா அது மாத்திரை விசயம் இல்ல, தாயி. எங்க ஊருப் பக்கம் பேய் விரட்டுற கோடாங்கி ஒருத்தர் இருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நான் வேண்டாம் என்றேன். "இஞ்சினியரம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் மிஷின் வேணும்," என்றார் அவர். "அவரும் மிஷின்தான் வச்சிருக்காரு. உடுக்கை."

போனோம். தகரக் கொட்டகை, வேப்பமரம், சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த செல்போன். கோடாங்கி ஒல்லியான, மரியாதையான மனிதர். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். குழந்தையை எதிரில் உட்காரவைத்து உடுக்கையை அடித்தார். வெயில் தகரத்தின் மேல் கொதித்தது.

"யாரு நீ?"

குழந்தை பள்ளியில் சொல்வதுபோல் தன் பேர், வகுப்பு, பிரிவு சொன்னாள்.

"அது இல்ல. யாரு நீ?"

திரும்பவும் அதையே சொன்னாள், குரல் சற்று இறங்கியிருந்தது. உடுக்கை வேகமானது. "உண்மையச் சொல்லு. யாரு நீ?"

குழந்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு எது சரி என்று ஆசிரியையைப் பார்ப்பாளே, அந்த முகம். பிறகு பச்சைச் சேலை அக்காவின் பேரைச் சொன்னாள். மதினியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"எந்த ஊரு?" சொன்னாள். "எதுக்கு இந்தப் புள்ளையப் பிடிச்ச?"

குழந்தை உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "தண்ணி தவிக்குது," என்றாள்.

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அன்று அடித்த வெயிலில் எனக்கும் தாகமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கைமுடிகள் நின்றன.

வருகிற வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். உச்சிமுடியைப் பிடித்து, வந்திருப்பவளிடம் சத்தியம் வாங்கி, அந்த முடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிடுவார்கள். சத்தியம் செய்ய மறுத்தால் வேப்பங்குச்சியால் அடிப்பதும் உண்டு. இதை எல்லாம் குழந்தையின் முன்னால்தான் பேசினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். திருமங்கலம் தாண்டியதும் விழித்துக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, நான் அந்த அக்காவா?" என்றாள்.

இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அப்படியே தலையாட்டியிருப்பாள். வெள்ளிக்கிழமை அவளை முடியைப் பிடித்துக் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை அவள் கொடுப்பாள். கொடுத்த பிறகு, அதுவாகவே வீட்டுக்குத் திரும்பி வருவாள்.

அந்தப் பேரும் ஊரும் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தன என்று பார்க்க, அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிப் பஸ் நிற்கும் இடத்தில் இறங்கினேன். குழந்தை தினமும் கால் மணி நேரம் நிற்கும் இடம், எதிரில் ஒரு நீளமான சுவர். நம் ஊரில் சுவர் என்றால் என்ன இருக்கும் என்பது தெரிந்ததே: காதணி விழா, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. ஒரு பூப்புனித நீராட்டு விழா போஸ்டரின் ஓரம் கிழிந்து தொங்கியது. அதை இழுத்தேன். அடியில் அவள் இருந்தாள். பச்சைச் சேலை, பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகை. பேர், ஊர், மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. மார்பளவுப் படம். நெஞ்சுக்குக் கீழே வருந்தும் குடும்பத்தாரின் பெயர்கள்.

கால் இல்லாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கைகள் படத்தில் இல்லை. ஈரம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடவில்லை. அந்தப் பெண் எப்படி இறந்தாள் என்று விசாரிக்க அந்த ஊர் அரை மணி நேரத் தொலைவுதான். விசாரிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

போனில் படம் எடுத்து, வீட்டுக்குத் திரும்பி வந்து மதினியிடம் காட்டினேன். இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். மதினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"போஸ்டர்ல இருந்தா என்ன பாப்பா? செத்தவதானே? தெனம் அவ முன்னாடி போயி இந்தப் புள்ள நின்னிருக்கு. அப்பத்தான் பிடிச்சிருக்கா."

போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று மதியம் ஆய்வகத்தில் எடைக்கற்களை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாகச் செய்கிற வேலை. அந்த வாடையை நான் கவனிப்பதே இல்லை. அன்று கவனித்தேன். அதோடு ஒரு பழுப்பு நிற பாட்டிலும், அதன் பிளாஸ்டிக் மூடியும், மூடியின் உள்பக்கக் கோடும் கண்முன் வந்தன.

மதினி மாசமாக இருந்தபோது இரண்டாம் மாதத்திலிருந்தே கடும் வாந்தி. உடம்பு சில்லிட்டுப் போகும். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு வலிக்கும் குளிருக்கும் கொஞ்சம் பிராந்தி கொடுப்பார்கள். பல வீடுகளில் கொடுத்திருக்கிறார்கள், அதை யாரும் குடி என்று சொல்வதில்லை. பெற்ற பிறகு கொடுப்பதை முன்னாலேயே கொடுத்தால் என்ன என்பது அம்மாவின் யோசனை. வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று காலி இரும்புச்சத்து டானிக் பாட்டில் ஒன்றில் ஊற்றி, மருந்து வைக்கும் அலமாரியில் வைத்தார். நாலைந்து நாளில் வீட்டில் அதன் பேரே டானிக் ஆகிவிட்டது.

"நீ ஊத்திக் கொடு," என்று என்னிடம் ஒப்படைத்தார். "உங்கண்ணன் கைக்குப் போச்சுன்னா அம்புட்டும் காலி."

சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூடி, அரை டம்ளர் வெந்நீர், ஒரு துண்டு கருப்பட்டி. ஐந்து மாதம், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மதினி ஊருக்குப் போகும்வரை, ஒரு நாள்கூடத் தவறவிடாமல் கொடுத்தேன். காலண்டரில் டிக் போட்டேன். டாக்டர் குடி என்று கேட்டபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. இந்தப் பாட்டில் வரவே இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார். "இவ்வளவு குடிச்சா ஆகும், இவ்வளவு குடிச்சா ஆகாதுன்னு ஒரு கோடும் கிடையாது. ஆனா வயித்துல இருக்கறப்ப மது சேர்ந்திருந்தா குழந்தையோட மூளை வளர்ச்சியை அது பாதிக்கலாம். வெளியில பார்க்க வெறும் கவனக்குறைபாடு மாதிரியே இருக்கும். மாத்திரைக்கு அடங்கின அளவு அடங்கி, மிச்சம் அப்படியே நிக்குதுன்னு சொல்றீங்களே, எனக்கும் அது உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அந்தக் கதைகள்?"

"அவ பொய் சொல்லலைங்க. ஞாபகத்துல காலியா இருக்கற இடத்தைக் கையில கிடைச்சதை வச்சு நிரப்பிக்கிறா. மிரட்டிக் கேட்காதீங்க. மிரட்டினா கேட்கிறவங்களுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவா, அப்புறம் அவளே அதை நம்பிடுவா. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இதை அவங்க வாயால நான் கேட்கணும்."

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கு ஒரு நாள் இடையில் இருந்தது. சொன்னால் மதினி காலம் முழுக்கத் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். சொல்லாவிட்டால் குழந்தையின் முடியை அறுப்பார்கள். பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் எத்தனை வரி எழுதினாலும் மறுபக்கத்தில் அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

வியாழன் விடுப்பு எடுத்தேன். பதினோரு மணிக்கு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மதினியின் வாயில் இரண்டு கிளிப் இருந்தன.

"மதினி, நீங்க மாசமா இருந்தப்ப நான் ஒரு டானிக் தருவேன்ல."

"ம்."

"அது டானிக் இல்ல. பிராந்தி. அம்மா ஊத்தி வச்சாங்க, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன். டாக்டர்ட்ட பேசுனேன். புள்ளைக்கு இப்படி இருக்கறதுக்கு அது காரணமா இருக்கலாமாம்."

மதினி வாயிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துச் சட்டையின் தோளில் மாட்டினார். இன்னொன்றை எடுத்து மற்றத் தோளில் மாட்டினார்.

"தெரியும்," என்றார்.

"டாக்டர் சொன்னாங்களா?"

"பிராந்தின்னு தெரியும். மொத நாளே தெரியும். உங்கண்ணன் பக்கத்துல மூணு மாசம் படுத்துக் கெடந்தவளுக்கு அந்த வாடை தெரியாதா?"

"அப்ப அன்னைக்கு டாக்டர்ட்ட..."

"குடிப்பியான்னுல்ல கேட்டாக. நான் எங்க குடிச்சேன்? நீ ஊத்திக் கொடுத்த, முழுங்குனேன்." கொடியில் கிடந்த சட்டையை இழுத்து நேராக்கினார். நேராகத்தான் இருந்தது. "நீ எத்தன மூடி கொடுத்த?"

"ரெண்டு."

"ரெண்டு மூடி வீதம் ஊத்துனா ஒரு பாட்டில் எத்தன நாளைக்கு வரும்?"

பத்து நாள். ஆனால் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். அதையும் அந்தக் காலண்டரில் நான் குறித்திருந்தேன். அண்ணன்தான் எடுக்கிறான் என்று அம்மா திட்டினார். 'டானிக் பாட்டில்லயா குடிப்பேன்? எனக்குன்னு ஒரு மானம் இல்லையா?' என்று அவன் கத்தியதும், நாங்கள் இருவரும் நம்பாமல் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

"மிச்சம் நானா எடுத்தது," என்றார் மதினி.

கீழே தெருவில் ஒரு காய்கறி வண்டியின் மைக் போய்க்கொண்டிருந்தது. வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார்.

"உனக்கென்ன, பரீட்சைக்குப் படிச்சுட்டுத் தூங்கிருவ. எனக்கு இந்த வீட்ல ஒரு ஆளத் தெரியாது. உங்கண்ணன் லோடு ஏத்திப் போனா வாரம் கழிச்சு வரும். கண்ண மூடுனா வயித்துக்குள்ள யாரோ முழிச்சுக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கும். உருளும், முட்டும். என்னையத் தூங்கவிடாது. ரெண்டு மடக்கு எடுத்தா நான் தூங்கிருவேன்." குரல் அப்போதும் மாறவில்லை. "அதுவும் தூங்கிரும். ஒரு அசைவு இருக்காது. நிம்மதியா இருக்கும் பாப்பா. அப்பிடி ஒரு நிம்மதியா இருக்கும்."

எனக்கு அப்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. மதினி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ வந்து பிடிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சப்ப எனக்கு எம்புட்டு லேசா இருந்துச்சு தெரியுமா," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் அண்ணன் ஷேர் ஆட்டோ ஒன்றை முழுசாகப் பேசி எடுத்துக்கொண்டு வந்தார். பையில் எலுமிச்சம்பழம், வெற்றிலை, ஒரு புது ஆணி. காலைக் கட்டிய கோழி ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. குழந்தை சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். என்ன செய்யப்போகிறார் என்று மதினி என்னிடம் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"அவ வரமாட்டாண்ணே."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அவ மேல ஒண்ணும் இல்ல. அவ வயித்துல இருக்கும்போது நான் பிராந்தி குடிச்சேன். அதுல வந்ததுண்ணே இது."

அவர் முதலில் தெருவைத்தான் பார்த்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றிருந்தது.

"உள்ள வந்து பேசு தாயி. என்ன பேச்சு இது? ஊர்ல குடிகாரின்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவளப் பேயின்னு சொல்றதுக்கு என்னையக் குடிகாரின்னு சொல்லட்டும்."

அவருக்குப் புரியவில்லை, ஏற்கவும் இல்லை. பத்து நிமிடம் வாதாடினார். என்னைக் காட்டி, "எல்லாம் இவ படிச்சுக் கொடுத்ததா?" என்றார். "நான் குடிச்சத அவ எப்பிடிண்ணே படிச்சுக் கொடுப்பா?" என்றார் மதினி. கடைசியில் அவர் ஆட்டோவில் ஏறினார். போகும்போது தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. தீபாவளிக்கு வருவார் என்று நினைத்தோம். வரவில்லை.

அடுத்த வாரம் மதினி டாக்டரிடம் தானே சொன்னார். நான் இரண்டு மூடி என்று ஆரம்பித்ததும், "நாலுன்னு எழுதிக்கங்க," என்று திருத்தினார். குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. பழக்கலாம் என்றார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். கதவில் படம் ஒட்டி வைக்க வேண்டும். மறந்ததை முதல் முறை சொல்வதுபோலவே திரும்பச் சொல்ல வேண்டும், எத்தனை முறையானாலும். பள்ளிக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். டி.சி. பேச்சு இப்போதைக்கு இல்லை.

குழந்தை பச்சைச் சேலை அக்காவை மறந்துவிட்டாள். கேட்டால், எந்த அக்கா என்கிறாள். கோடாங்கியையும் கொட்டகையையும் மறந்துவிட்டாள், மாமாவின் ஊருக்குப் போனதே தெரியவில்லை. ஏழாம் வாய்ப்பாடு வருகிறது, போகிறது.

ஒன்று மட்டும் போகவில்லை. காலையில் மதினி தலை வாரிவிட உட்காரவைத்ததும், சீப்பு உச்சியைத் தொடும்போது குழந்தை அசையாமல் ஆகிவிடுகிறாள்.

"அம்மா, இன்னைக்குத்தானே என் முடியில ஆணி அடிப்பாங்க?"

"இல்லத்தா. யாரும் எதுவும் அடிக்க மாட்டாங்க."

"சரிம்மா."

முதல் முறை சொல்வதுபோலவே மதினி சொல்கிறார். இன்று காலையும் சொன்னார். பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு சடையையும் விரலாலேயே பிரித்துப் பின்னி முடித்தார்.